முந்திரிப்பழம் என்று சொன்ன பிள்ளை

இளங்கோ,

நீ தப்புச் செய்துவிட்டாய். நாலு வயது நிறையாத ஒரு பெண் குழந்தையை மேசைக்கு முன்னால் நிறுத்திப் பரீட்சை வைத்தாய். அவள் பார்த்து, யோசித்துச் சொன்ன பதிலைத் தப்பு என்றாய். "புள்ள இன்னும் ரெடியாகல" என்று அவள் தாயிடம் சொல்லி, இன்னும் திறக்காத பள்ளிக்கூடத்தின் வாசலிலிருந்தே அவளைத் திருப்பி அனுப்பினாய். பள்ளிக்கூடம் கட்டியதைத் தப்பென்று நான் சொல்லவில்லை. அதற்காக ரோட்டோரத்து முந்திரி மரங்களை என்னைக் கேட்காமல் வெட்டினாயே, அந்தக் கோபம்கூட ஆறிவிட்டது. இது ஆறவில்லை.

நேரில் சொல்லலாமே என்பாய். சொன்னேன். நான் பேசப் பேச நீ போனில் விரலை ஓட்டிக்கொண்டிருந்தாய். அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன். இதைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனாலும், திரும்பி வரும்போது எழுத்து அதே இடத்தில் இருக்கும். கடிதத்தை நான் ஒட்டப் போவதில்லை. ரேவதி டீச்சர் படிக்கட்டும், உன் மனைவி படிக்கட்டும், பிள்ளையைச் சேர்க்க வருகிற தாய் தகப்பன் யார் கேட்டாலும் கொடு. திறப்பு விழா அழைப்பிதழில் குத்துவிளக்கு ஏற்றுபவர் என்று என் பெயரைப் போட்டிருக்கிறாய். நான் வருவேனா மாட்டேனா என்பது இதைப் படித்துவிட்டு நீ என்ன செய்கிறாய் என்பதைப் பொறுத்தது.

அன்றைக்கு நடந்ததை நீ உன் இடத்திலிருந்து பார்த்தாய். என்னை வெள்ளைச் சட்டை போட்டு வாசலுக்குப் பக்கத்தில் நாற்காலியில் உட்கார வைத்திருந்தாய் அல்லவா, நான் என் இடத்திலிருந்து பார்த்ததைச் சொல்கிறேன். வளர்மதி நம் தோப்பில் கொட்டை பொறுக்கிவிட்டு, வீட்டுக்குப் போய்க் குளித்து, இருப்பதில் நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். மகள் கயலுக்குத் தலை படிய எண்ணெய் வைத்து, புதுக் கவுன் போட்டிருந்தாள். நீ ஒரு படத்தைத் தூக்கிக் காட்டி, "வாட் இஸ் திஸ்?" என்றாய். குழந்தை தாயைப் பார்த்தாள். பக்கத்திலிருந்த ரேவதி டீச்சர், "பாப்பா, இது என்னன்னு சொல்லு" என்று தமிழில் கேட்டாள். கயல் சட்டென்று, "முந்திரிப்பழம்" என்றாள். "நல்லா பாத்து சொல்லு" என்றாய் நீ. அவள் நல்லாத்தான் பார்த்தாள். மேசையைச் சுற்றி உன் பக்கம் வந்து, படத்தின் அடியில் விரலை வைத்து, "கொட்டைய யாரோ திருகிட்டாங்க" என்றாள். ரேவதி சிரித்துவிட்டாள். அது கேலிச் சிரிப்பு இல்லை, சந்தோஷம். நீ சிரிக்கவில்லை. "இது ஆப்பிள். ஏ ஃபார் ஆப்பிள். சொல்லு" என்றாய். அதற்குள் அந்தப் பிள்ளை குனிந்து மேசைக்கு அடியில் தேட ஆரம்பித்திருந்தாள். "கீழ விழுந்துடுச்சா?" என்று உள்ளேயிருந்து அவள் குரல் வந்தது.

நீ தாளில் ஏதோ குறித்தாய். "அடுத்த வருசம் பாக்கலாம் வளர்மதி. வூட்டுல கொஞ்சம் சொல்லிக்குடுத்துக் கூட்டிட்டு வா" என்றாய். அவள், "சரிங்கண்ணே" என்றாள். வேறென்ன சொல்வாள்? வாசலைத் தாண்டும்போது என்னைப் பார்க்காமலே போனாள். கேட்டுக்கு வெளியே போனதும் அவள் குரல் மட்டும் கேட்டது: "ஏன்டி, வாய மூடிக்கிட்டாவது நின்னிருக்கலாமுல்ல?"

ஆப்பிளை நேரில் பார்த்திராத பிள்ளை அது. முந்திரிப்பழத்தைத் தினமும் பார்க்கிற பிள்ளை. பழுத்து விழுந்ததைக் குனிந்து எடுத்து, கொட்டையைத் திருகிக் கூடையில் போட்டுவிட்டுப் பழத்தை அங்கேயே விட்டுவிட்டுப் போகிற பெண்களுக்கு நடுவில் வளர்கிறவள். சிவப்பாக, உருண்டையாக, கொட்டை இல்லாத ஒன்றை அவளிடம் காட்டினாய். தனக்குத் தெரிந்த பழத்தோடு அதைச் சேர்த்தாள். சேராத இடத்தைக் கண்டுபிடித்தாள். ஏன் சேரவில்லை என்று ஒரு காரணம் சொன்னாள். அந்தக் காரணம் சரிதானா என்று தரையில் தேடவும் செய்தாள். இதற்குமேல் படிப்பு என்று எதைச் சொல்கிறாய்? உன் மேசையில் அன்றைக்கு நடந்த ஒரே படிப்பு அதுதான். அதற்குத்தான் நீ மார்க் போடவில்லை.

அதோடு முடிந்திருந்தால் நான் பேனாவைத் தொட்டிருக்க மாட்டேன். ஒரு வாரம் போயிருக்கும். தோப்பில் கயல் சும்மா உட்கார்ந்திருந்தாள். நான் கொட்டையோடு ஒரு பழத்தைப் பறித்து, விளையாட்டாக, "கயலு, இது என்னாடி?" என்று கேட்டேன். அவள் பழத்தைப் பார்க்கவில்லை. திரும்பித் தாயின் முகத்தைப் பார்த்தாள். பிறகு மெதுவாக, "ஆப்பிள்" என்றாள். வளர்மதிக்கு முகம் செத்துப்போயிற்று. "டவுனுக்குப் போயி ஒரு ஆப்பிள் வாங்கியாந்து தெனம் சொல்லிக் குடுத்தேன் பெரியப்பா. இப்ப எதக் காட்டுனாலும் பயந்துக்கிட்டு அதையேதான் சொல்லுது" என்றாள். இளங்கோ, கையிலிருந்த முந்திரிப்பழத்தை அந்தப் பிள்ளைக்குத் தெரியாததாக ஆக்கிவிட்டாய். தன் கண்ணை நம்பின பிள்ளை இப்போது அடுத்தவர் முகத்தை நம்புகிறாள். நான் தப்பு என்று சொல்வது இதைத்தான்.

இதைச் சாப்பாட்டு நேரத்தில் உன்னிடம் சொன்னபோது நீ என்ன சொன்னாய் என்பதையும் மறைக்காமல் எழுதுகிறேன். "அப்பா, நீங்க தோப்புல உக்காந்துக்கிட்டுப் பேசுறீங்க. முதல் மாசமே நோட்டுல எழுதிக் காட்டலன்னா, பெத்தவங்க டிசிய வாங்கிட்டு ஜெயங்கொண்டம் ஸ்கூல் வேன்ல ஏத்திவுட்டுடுவாங்க. ஊருல எல்லாரும் அதைத்தான் கேக்குறாங்க" என்றாய். "கேக்குறதையெல்லாம் குடுக்குறதுக்கு நீ மளிகைக் கடையா வச்சிருக்க?" என்றேன். "மளிகைக் கடையா இருந்தாலும் ஆள் வரணுமுல்ல" என்றாய். உன் அம்மா சோற்றைப் போட்டுக்கொண்டே, "அப்பனும் புள்ளையும் ஆளுக்கொரு பக்கம் கதவப் புடிச்சி இழுங்க. கதவு பிஞ்சி வந்ததும் சொல்லுங்க, நான் வந்து அதுக்கடியில ஒண்டிக்கிறேன்" என்றாள். அப்போதுதான், வெகுநாளாக உள்ளே வைத்திருந்ததை நீ வெளியே எடுத்தாய். "என்னைய அஞ்சரை வயசு வரைக்கும் தோப்புல ஓடவுட்டீங்க. திருச்சி காலேஜ்ல நான் பட்டது உங்களுக்குத் தெரியுமா?"

தெரியும். வகுப்பில் முன்னால் நின்று நீ இங்கிலீஷில் பேச முடியாமல் நின்றதும், பின் பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்ததும், விடுதியில் நீ அழுததும் உன் அம்மா வழியாக எனக்குத் தெரியும். நான் அங்கே வந்து நின்றிருந்தால் உனக்கு இன்னும் அவமானமாகியிருக்கும் என்று வராமல் இருந்தேன். இன்றைக்கும் அது சரியென்றுதான் நினைக்கிறேன். நாலு வயதில் உன்னை உட்கார வைத்து ஏ பி சி எழுதச் சொல்லாததும் சரி. இந்த இரண்டில் எதற்கும் நான் வருத்தம் தெரிவிக்க மாட்டேன். உன்னை அழ வைத்தது சிரித்தவர்களின் சிரிப்பு. நீ லேட்டாகப் பள்ளிக்கூடம் போனது இல்லை. அந்தச் சிரிப்பை எடுத்துக்கொண்டு வந்து நாலு வயதுப் பிள்ளைகளுக்கு முன்னால் மேசை போட்டு உட்கார்ந்திருக்கிறாயே, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

நீயே சொல், உனக்கு இங்கிலீஷ் எங்கே வந்தது? காலேஜில் வரவில்லை. சென்னையில் இரண்டாவது வேலைக்குப் போனபோது உன் அறையில் ஒரு வடநாட்டுப் பையன் தங்கியிருந்தானே, அவனுக்குத் தமிழ் வராது, உனக்கு இந்தி வராது. யார் சோறு ஆக்குவது, யார் பாத்திரம் கழுவுவது என்று சண்டை போடுவதற்காகவாவது உனக்கு ஒரு பாஷை தேவைப்பட்டது. ஒரு பொங்கலுக்கு நீ ஊருக்கு வந்தபோது, அவனோடு போனில் இங்கிலீஷில் நிறுத்தாமல் கத்திக்கொண்டிருந்தாய். உன் அம்மா பெருமை தாங்காமல் பக்கத்து வீட்டம்மாவைக் கூப்பிட்டு வந்து வாசலில் நிற்க வைத்தாள். தேவை வந்ததும் கற்றுக்கொண்டாய். உனக்கு வாய்த்ததை அந்தப் பிள்ளைகளுக்கு ஏன் மறுக்கிறாய்?

நான் படித்ததும் அப்படித்தான். பிரம்படிக்குப் பயந்து இரண்டாம் வகுப்போடு ஓடிவந்தவன் நான். எழுத்து எனக்கு உர மூட்டையில்தான் கிடைத்தது. எந்த மூட்டையில் யூரியா, எதில் பொட்டாஷ் என்று தெரியாவிட்டால் பயிர் போய்விடும். அதனால் ஒவ்வொரு எழுத்தாகப் பிடித்தேன். பிறகு டீக்கடைச் செய்தித்தாள், பஸ் போர்டு, நூலகம். யாரும் என்னைப் பரீட்சை வைத்து உள்ளே விடவில்லை, அதனால் யாரும் என்னை வெளியே அனுப்பவும் இல்லை. சின்னப் பிள்ளைகளுக்குச் சேர்க்கைத் தேர்வு வைக்கக் கூடாது என்று சட்டமே இருப்பதாகப் படித்திருக்கிறேன். சட்டம் இல்லாவிட்டாலும் கூடாது.

உனக்கு நினைவிருக்காது, நான் சொல்கிறேன். நாலு வயதில் நீ தோப்பில் பெரிய பையன்களோடு ஒத்தையா ரெட்டையா விளையாடுவாய். கைக்குள் கொட்டைகளை மூடி வைத்துக்கொண்டு, ஒற்றையா இரட்டையா என்று எதிராளியைக் கேட்பது. நீ தினமும் தோற்று, கொட்டையெல்லாம் கொடுத்துவிட்டு அழுதுகொண்டு வருவாய். ஒரு நாள் மரத்தடியில் தனியாக உட்கார்ந்து கொட்டைகளை இரண்டிரண்டாக அடுக்கிக்கொண்டிருந்தாய். நான் பக்கத்தில் போகவில்லை. திடீரென்று எழுந்து ஓடிவந்து, "அப்பா, ஒத்தைக்கு மட்டும் ஜோடி இல்லப்பா! கடைசில ஒன்னு தனியா நிக்கிது!" என்று கத்தினாய். அந்த முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. அதற்கு நான் செய்த ஒரே வேலை, நீ அடுக்கிக்கொண்டிருந்தபோது வாயை மூடிக்கொண்டு இருந்தது. பார்க்கச் சோம்பேறித்தனம் மாதிரிதான் இருக்கும். ஆனால் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்துவிடத் துடிக்கிற நாக்கை அடக்குவது சின்ன வேலை இல்லை. கோயிலுக்குப் போனபோது பெரிய நந்தியைச் சுற்றிச் சுற்றி வந்து, "இதுக்கு ஏன் கயிறு கட்டல?" என்று கேட்டாய். "கல்லு எங்கடா ஓடப் போவுது?" என்றார் பக்கத்திலிருந்தவர். "அப்ப ஏன் தல தூக்கிப் பாக்குது?" என்றாய். எனக்குத் தெரியாது. தெரியாது என்றே சொன்னேன். நீ அன்றைக்கு முழுவதும் கேட்டுக்கொண்டே வந்தாய்.

பிள்ளையைச் செடி என்பார்கள், தண்ணீர் ஊற்றினால் வளரும் என்பார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். செடி கேள்வி கேட்காது. நான் வைத்த இடத்திலேயே நிற்கும். பிள்ளை நிற்காது, நிற்கவும் கூடாது.

இனி, நான் ஏன் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன் என்பதைச் சொல்கிறேன். கோபம் மட்டும் இருந்திருந்தால் எழுதியிருக்க மாட்டேன். விளக்கேற்ற வராமல் இருந்திருப்பேன், அவ்வளவுதான். ரேவதி டீச்சர் நம் வீட்டுக்கு வந்தாள். "ஐயா, அன்னைக்கு வந்ததுலயே யோசிச்ச புள்ள அதுதாங்க. சார்கிட்ட சொன்னேன். கேட்டுக்கிட்டாரு, அவ்வளவுதான். நீங்க சொல்லுங்க" என்றாள். "என் பேச்ச அவன் கேக்குறதா இருந்தா இன்னேரம் என் மரமெல்லாம் நின்னுக்கிட்டு இருக்கும்" என்றேன். சிரித்துவிட்டுப் போய்விட்டாள். ஆனால் சும்மா இருக்கவில்லை. பள்ளிக்கு முன்னால் பூச்சு வேலைக்குக் கொட்டிய மணல் குவியலுக்கு, சாயங்காலத்தில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளைக் கூட்டிவந்து விட்டாள். வளர்மதியிடம் கெஞ்சிக் கயலையும் அழைத்து வந்தாள். நான் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். ரேவதி ஒரு பிள்ளையிடமும் இது என்ன என்று கேட்கவில்லை. தானும் மணலில் உட்கார்ந்து எதையோ தோண்டிக்கொண்டிருந்தாள். கயல் கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றாள். முதல் நாள் அப்படியே போயிற்று. அடுத்த நாள் ஒரு துண்டு பைப்பை எடுத்து மணலில் குத்த ஆரம்பித்தாள்.

"என்ன நடக்குது இங்க?" என்று ரேவதி, வேலையை நிறுத்தாமலே கேட்டாள்.

"போர் போடுறேன்."

"தண்ணி வந்துச்சா?"

"பாற வந்துடுச்சி டீச்சர். இன்னும் எறங்கணும். நீ தள்ளி உக்காரு, சேறு அடிக்கும்."

யார் முகத்தையும் பார்க்காமல் சொன்னாள், இளங்கோ. அதைக் கேட்டு எனக்குக் கண் கலங்கிற்று என்று நான் எழுதினால் உன் அம்மா நம்ப மாட்டாள். அதனால் எழுதவில்லை.

அந்த நேரத்தில்தான் நீ பைக்கில் வந்தாய். "மணல எறைக்காதீங்க, பூச்சுக்கு வேணும்" என்று வண்டியில் இருந்தபடியே கத்தினாய். பிள்ளைகள் எல்லாம் எழுந்து நின்றார்கள். கயல் பைப்பைக் கீழே போட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டாள். நான் சுவரைத் தாண்டி வர இருந்தேன். நீ வண்டியை நிறுத்திவிட்டு வந்து, அவள் போட்ட பைப்பைக் கையில் எடுத்து, கொஞ்ச நேரம் அவளையே பார்த்தாய். பிறகு கட்டட வேலைக்காக அடுக்கியிருந்ததிலிருந்து நீளமான ஒரு பைப்பை உருவி எடுத்து வந்து மணலில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாய். அவள் நீளமானதை எடுத்துக்கொண்டாள். நீ அதைப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். அதனால்தான் எழுதுகிறேன்.

செய்ய வேண்டியவற்றைச் சொல்லிவிடுகிறேன். இதில் பேரம் கிடையாது.

வளர்மதியின் வீட்டுக்கு நீயே போ. ஆள் விட்டுச் சொல்லி அனுப்பாதே, போனில் சொல்லாதே. வாசலில் நின்று, "அன்றைக்கு நான் கேட்டதுதான் தப்பு, பிள்ளை சொன்னது தப்பில்லை" என்று கயலுக்குக் கேட்கும்படி சொல். அந்தச் சேர்க்கைப் பரீட்சையை விட்டொழி. திருப்பி அனுப்பிய மற்றப் பிள்ளைகளின் வீடுகளுக்கும் போ.

ரேவதி டீச்சர் வகுப்பறையின் பொறுப்பை முழுக்க எடுத்துக்கொள்ள வேண்டும். என்ன செய்யலாம், எப்போது நிறுத்தலாம் என்பதைப் பிள்ளைகளைப் பார்த்து அவள் முடிவு செய்யட்டும். நீ உள்ளே போய்ச் சத்தம் போடக் கூடாது. முதல் இரண்டு வருடத்துக்கு வீட்டுப்பாடம் கிடையாது, ரேங்க் கிடையாது. பென்சில் வேண்டும் என்று பிள்ளை கேட்கிற அன்றைக்குப் பென்சில் கொடுக்கட்டும். பிள்ளை வீட்டில் பேசுகிற பேச்சிலேயே டீச்சரும் பேசட்டும். இங்கிலீஷ் பாட்டாகவும் கதையாகவும் வரட்டும், மிரட்டலாக வர வேண்டாம்.

உன் மனைவி கணக்கு வழக்கைப் பார்க்கிறாள் அல்லவா, மணலுக்கும் களிமண்ணுக்கும் படக்கதைப் புத்தகத்துக்கும் முதலில் ஒதுக்கிவிட்டு, பெயர்ப் பலகைக்கும் பெயின்ட்டுக்கும் மிச்சத்தைக் கொடுக்கட்டும்.

தாய் தகப்பன்மார், என் பிள்ளை என்ன எழுதினான் என்று கேட்பதை நிறுத்திவிட்டு, இன்றைக்கு என்ன கேட்டான் என்று கேட்க வேண்டும். மாதம் ஒரு நாள் வந்து வகுப்பில் பிள்ளைகளோடு தரையில் உட்கார வேண்டும். அப்போதும் பிடிக்கவில்லை என்றால் வேனில் ஏற்றிக்கொள்ளட்டும். பத்துப் பிள்ளைகள் மிஞ்சினால் பத்துப் பிள்ளைகளோடு நடத்து.

அங்கன்வாடியிலிருந்து பிள்ளைகளை இழுக்க நீ யாரையும் அனுப்பக் கூடாது. அங்கே இருக்கிற டீச்சர் பாட்டுப் பாடிச் சோறு ஊட்டிப் பிள்ளைகளைப் பழக்கி வைத்திருக்கிறாள். அவளைக் கூப்பிட்டு முதல் வரிசையில் உட்கார வை.

இவற்றை நீ செய்தால் நான் விளக்கேற்ற வருவேன். வெள்ளைச் சட்டை போட மாட்டேன். அன்றைக்குப் பிறகு தினமும் சாயங்காலம் வந்து மணலைக் கூட்டிக் குவித்துவிட்டுப் போவேன். வகுப்புக்குள் நுழைந்து அறிவுரை சொல்ல மாட்டேன். இதை உன் அம்மா கண்காணிக்க வேண்டும்.

வளர்மதி அந்த ஆப்பிள் பாடத்தை நிறுத்த வேண்டும். அவ்வளவுதான்.

கயல் எதுவும் செய்ய வேண்டியதில்லை. அவள் வந்தால் போதும்.

அப்பா